புல்வெட்டியும் முள்ளெலியும்



இங்கிலாந்தின் ஹல் நகரப் பல்கலைக்கழகத்தில் நூலகராகப் பணிபுரிந்தவர் கவிஞர் பிலிப் லார்க்கின். 1979ஆம் ஆண்டு கோடையில் அவர் தமது வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது இயந்திரம் திணறி நின்றது. முழந்தாளிட்டுப் பார்த்தார். கத்திகளுக்கிடையே ஒரு முள்ளெலி செத்துக் கிடந்தது. முன்னரே அவர் கண்ட பிராணி. ஒருமுறை தீனியும் வைத்திருக்கிறார். பதினொரு வரிக் கவிதையொன்று அந்தச் சாவிலிருந்து பிறந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பு வெட்டும் மனிதனையும் குறிக்கும், வெட்டும் இயந்திரத்தையும் குறிக்கும். நமது 'புல்வெட்டி' என்ற சொல்லும் அப்படித்தானே?

முள்ளெலி என்றதும் நம் காடுகளில் திரியும் முள்ளம்பன்றியை நினைத்துவிடாதீர்கள். இது இரண்டு கைகளுக்குள் அடங்கும் சிறு பிராணி. இரவில் வெளிப்பட்டு வண்டும் புழுவும் தேடித் தின்னும். இலங்கையில் இவ்வினம் இல்லை. தமிழ்நாட்டின் தெற்கே வறண்ட நிலங்களில் இதன் உறவினம் ஒன்று உண்டு.

லார்க்கினுக்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பு அதே ஹல் நகரின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர் அன்ட்ரூ மார்வெல் என்ற கவிஞர். அப்பிள்டன் மாளிகையைப் பற்றிய அவருடைய நீண்ட கவிதையில், புல் அரிபவன் ஒருவனின் அரிவாள், புல்லுக்குள் பதுங்கியிருந்த பறவையொன்றைக் கிழித்துவிடுகிறது. அவன் தன் செயலையே வெறுத்து, இது தனக்கும் கெட்ட சகுனமோ என்று அஞ்சுகிறான். மார்வெலின் ஆளுக்குக் கையில் அரிவாள், லார்க்கினுக்கு மோட்டார் இயந்திரம். ஆனால் இரண்டு இடத்திலும் சாவைப் பார்க்க ஒரு மனிதன் நின்றான். இன்று நான் பேச வந்தது அந்த மனிதன் இல்லாத தோட்டத்தைப் பற்றி.

சுவீடனின் ஹஸ்க்வார்னா நிறுவனம் 1995இல் சூரிய ஒளியில் தானே இயங்கும் புல்வெட்டியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று அதன் வழிவந்த ரோபோக்கள் ஐரோப்பியத் தோட்டங்களில் பற்றறியில் ஓடுகின்றன. வயிற்றின் அடியிலே சுழலும் தட்டு, அதில் சவர அலகு போன்ற சிறு கத்திகள். எதிலாவது முட்டினால் திரும்பிப் போகும். பசித்தால், அதாவது மின்சாரம் தீர்ந்தால், தன் கொட்டிலுக்குத் தானே திரும்பிவிடும். சத்தம் குறைவு. ஆகவே வீட்டுக்காரர் அதை இரவில் ஓடவிட்டுவிட்டு உறங்கப் போகலாம். முள்ளெலி புறப்படும் நேரமும் அதுதான்.

ஆபத்து வந்தால் முள்ளெலி பெரும்பாலும் ஓடுவதில்லை. ஆயிரக்கணக்கான முட்களைச் சிலிர்த்துப் பந்தாகச் சுருண்டு அசையாமல் கிடக்கும். நரியின் வாயிலிருந்து காலங்காலமாக அதைக் காத்த வித்தை அது. சுழலும் கத்தியோ முள்ளுக்குப் பயப்படுவதில்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் சோஃபி லுண்ட் ராஸ்முசெனும் அவரது குழுவினரும் 18 வகை ரோபோப் புல்வெட்டிகளைச் சோதித்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏற்கெனவே இறந்த முள்ளெலிகளையே சோதனைக்குப் பயன்படுத்தினார்கள். உடலில் முட்டாமல் முள்ளெலியை இனங்கண்ட இயந்திரம் ஒன்றுகூட இல்லை. சில இயந்திரங்கள் முட்டியபின் காயமின்றித் திரும்பின. சில வெட்டிச் சிதைத்தன. தாயை விட்டுப் பிரியாத, 200 கிராமுக்குக் குறைந்த குட்டிகளை எந்த இயந்திரமும் உணரவில்லை. எனக்கு இந்தக் கடைசிச் செய்திதான் மறக்க முடியாதது. பெரியது என்றால் முட்டவாவது முட்டும்.

வெட்டுப்பட்ட முள்ளெலி உடனே இறப்பதுமில்லை. செடிப் புதருக்குள் ஊர்ந்துபோய்க் கிடக்கும். குரலெழுப்பி உதவி கேட்கும் வழக்கமும் அதற்கில்லை. ஜேர்மனியில் 2022 நடுப்பகுதி முதல் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் பதிவான 370 வெட்டுக்காயச் சம்பவங்களில், முள்ளெலிகள் ஏறக்குறைய பாதி பிழைக்கவில்லை. கண்டெடுக்கப்பட்டவற்றின் கணக்கு மட்டுமே இது. ஐரோப்பிய முள்ளெலியை 2024இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 'அச்சுறுத்தலை அண்மித்த இனம்' என்று வகைப்படுத்தியது.

இயந்திரத்தையே விலக்குங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. முதுகு வளையாத முதியவருக்கு அது பேருதவி. ஆனால் பகலில் ஓடவிட்டால் புல் வெட்டுப்படாதா என்ன? ஜேர்மனியின் கொலோன் நகரம் 2024 ஒக்டோபரில் ஒரு விதி கொண்டுவந்தது. சூரியன் மறைவதற்கு அரை மணித்தியாலம் முந்தியே ரோபோப் புல்வெட்டியை நிறுத்திவிட வேண்டும். சூரியன் உதித்து அரை மணித்தியாலம் கழிந்த பின்னரே அது மீண்டும் புல்லில் இறங்கலாம்.