கூடி வாங்கிய பொருளும் பிரியும் வேளையும்



நம் முன்னோர் பாத்திரக் கடையில் ஒரு பித்தளைத் தவலையோ செப்புக் குடமோ வாங்கினால், அதை அப்படியே வீட்டுக்கு எடுத்து வருவதில்லை. கடையிலேயே உளியும் சிறு சுத்தியலும் கொண்டு அதன் விளிம்பில் பெயர் வெட்டச் செய்வார்கள். பெண்ணுக்குச் சீராக வந்த பாத்திரமாயின் அவள் பெயர் அதில் இருக்கும். பாகப்பிரிவினை நேரும் நாளில், அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தாலே அது யாருடையது என்பது விளங்கிவிடும். சண்டை வரும் என்று எதிர்பார்த்து அவர்கள் பெயர் வெட்டவில்லை. ஆயினும் அந்தப் பெயர் பல சண்டைகளைத் தடுத்தது.

இன்று பெங்களூரில் ஒரு வாடகை வீட்டைப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், கட்டில், மெத்தை, தொலைக்காட்சிப் பெட்டி எல்லாம் இருக்கின்றன. எதிலும் பெயர் இல்லை. வேலையின் பொருட்டு வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, மணம் புரியாமலே ஒரு வீட்டில் வாழ்ந்த இருவர் பிரிய நேர்ந்தால், இப்பண்டங்கள் யாருக்கு உரியவை? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட செய்தி.

இத்தகைய வாழ்க்கை தகுமா, தகாதா என்று வாதிடுவது நம் நோக்கமன்று. வயது வந்த இருவர் மனமொப்பி ஒன்றாக வாழ்வது குற்றமாகாது என்பதை 2010-ஆம் ஆண்டில் நடிகை குஷ்பு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நாம் கருத வேண்டியது வேறு. சொந்த ஊரில் இருப்பவருக்கு ஒரு மாமனோ சித்தப்பாவோ நடுவில் உட்கார்ந்து நியாயம் சொல்வார். மொழி வேறான ஊரில், வீட்டாருக்குத் தெரிவிக்காமலே குடித்தனம் நடத்தியவருக்கு அந்தத் துணை இல்லை. வாடகைப் பத்திரம் யார் பெயரில் உள்ளதோ அவர் வீட்டில் தங்கிவிடுகிறார். மற்றவர் பல ஆண்டு உழைப்பை உள்ளே விட்டுவிட்டு, ஒரு பெட்டியுடன் தெருவில் நிற்கிறார். அந்த மற்றவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருந்துவிடுகிறார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

சட்டம் இதில் என்ன கூறுகிறது? மணமான இந்துத் தம்பதியர்க்கு 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 27-ஆம் பிரிவு உண்டு. திருமணத்தையொட்டி அளிக்கப்பட்டு இருவருக்கும் பொதுவான பொருள்களைப் பற்றி நீதிமன்றம் அதன்படி ஆணையிடலாம். மணமாகாதவர்க்கு இந்த வழி இல்லை. 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், திருமணத்தின் தன்மையை ஒத்த உறவில் வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. கொடுமைக்கு உள்ளான பெண், தான் வாழ்ந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்படாமல் இருக்கவும், தனக்கு உரிய பொருள்களைத் திருப்பித் தரச் செய்யவும் குற்றவியல் நடுவரை நாடலாம்.

எந்த உறவு திருமணத்தின் தன்மையை ஒத்தது என்பதே அடுத்த கேள்வி. இதற்கு விடை கூறிய முக்கியமான தீர்ப்புகளுள் ஒன்று பெங்களூரில் தோன்றிய வழக்கிலேயே பிறந்தது. ஏற்கெனவே மணமாகிப் பிள்ளைகளும் உள்ள ஓர் ஆடவருடன் பல ஆண்டுகள் வாழ்ந்த பெண்மணி அவ்வழக்கைத் தொடுத்தார். பெங்களூர் நடுவர் நீதிமன்றம் மாதம் 18,000 ரூபாய் ஜீவனாம்சம் வழங்க ஆணையிட்டது. செஷன்ஸ் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கர்நாடக உயர்நீதிமன்றமோ அதை நீக்கியது. 2013 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றமும் அந்த நீக்கத்தை ஏற்றுக்கொண்டது. மணமானவர் என்று அறிந்தே தொடங்கிய உறவு, திருமணத்தை ஒத்த உறவாகாது என்பது முடிவு. அத்துடன், இத்தகைய பெண்களின் நலங்கருதிச் சட்டம் இயற்றுவதைப் பற்றி நாடாளுமன்றம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் நீதிபதிகள் எடுத்துரைத்தனர்.

அத்தீர்ப்பு, உறவின் தன்மையை அறிய எட்டு அளவுகோல்களை வகுத்தது. அவற்றுள் ஒன்று, இருவரும் பொருளைப் பொதுவில் சேர்த்தார்களா என்பது. கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரில் வாங்கிய சொத்து, ஒருவரை ஒருவர் தாங்கிய செலவு ஆகியவை அதில் அடங்கும். ஆனால் சேர்த்த பொருளை எவ்வாறு பங்கிடுவது என்பதற்கு அங்கும் விதி இல்லை. ஆகவே, விலை கொடுத்தவருக்கே பொருள் என்னும் பொதுவான கணக்குக்கே நாம் திரும்ப வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு. ஒருவர் மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால், காய்கறி, மின்கட்டணம் ஆகியவற்றுக்குச் செலவிடுகிறார். சமையலும் அவர் கையால் நடக்கிறது. மற்றவர் தவணையில் பண்டங்களை வாங்குகிறார். மூன்று ஆண்டுகள் கழித்துப் பிரியும்போது ரசீதுகளெல்லாம் இரண்டாமவர் பெயரில் இருக்கின்றன. உண்டு தீர்ந்த அரிசிக்கு உருவம் இல்லை. குளிர்சாதனப் பெட்டியோ சமையலறையில் நின்றுகொண்டிருக்கிறது. முதலாமவர் அன்றாடச் செலவைத் தாங்கியிராவிட்டால் இரண்டாமவர் தவணை கட்டியிருக்க முடியுமா? ரசீது பொய் சொல்லவில்லை. ஆனால் பாதி உண்மையையே சொல்லுகிறது.

இக்குறையை உணர்ந்து சட்டம் செய்த நாடு உண்டு. ஸ்காட்லாந்தில் 2006-ஆம் ஆண்டின் குடும்பச் சட்டப்படி, மணமின்றிச் சேர்ந்து வாழ்ந்தவர்கள் அக்காலத்தில் வாங்கிய வீட்டுப் பண்டங்களில் இருவருக்கும் சமபங்கு உண்டு என்றே முதலில் கொள்ளப்படும். அப்படியன்று என்பவர் அதை மெய்ப்பிக்க வேண்டும். பிறர் தந்த பரிசும், வாரிசாக வந்த பொருளும் இதில் சேரா. ரொக்கப் பணம், மோட்டார் வண்டி, வளர்ப்புப் பிராணி ஆகியவற்றுக்கும் இவ்விதி பொருந்தாது. வீட்டுச் செலவுக்கென்று ஒருவர் கொடுத்த பணத்தில் மிச்சம் பிடித்தது இருவருக்கும் பாதிப்பாதி என்பதும் அச்சட்டத்தில் உள்ளது. அந்தச் சட்டம் நம் நாட்டில் செல்லாது. ஆனால் அதன் நியாயத்தை நாம் மேற்கொள்வதை யாரும் தடுக்கவில்லை.

ஆகவே, பிரியும் இருவர் பொருள்களை மூன்றாக வகுத்துக்கொள்ளலாம். அவரவர் வரும்போது கொண்டுவந்ததும், அவரவர் வீட்டார் கொடுத்ததும் அவரவருக்கே. ஒருவர் மற்றவருக்கு மனமுவந்து அளித்துக் கைமாறிய பரிசு பெற்றவருக்கே சொந்தம். கோபத்தில் அதைத் திருப்பிக் கேட்பது முறையன்று. எஞ்சியவை, சேர்ந்து வாழ்ந்தபோது வாங்கியவை. ரசீதில் எப்பெயர் இருப்பினும் அவற்றைப் பொதுவாகவே கருதுதல் நன்று.

பொதுப் பண்டத்துக்கு வாங்கிய விலையை வைத்து வாதிடலாகாது. இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்பதே அளவு. முப்பதாயிரத்துக்கு வாங்கிய பெட்டி இன்று பன்னிரண்டாயிரமே பெறுமாயின், அதை வைத்துக்கொள்பவர் மற்றவருக்கு ஆறாயிரம் தர வேண்டும். தவணை பாக்கியிருந்தால் அதை முதலில் கழிக்க வேண்டும். விலையில் உடன்பாடு இல்லையெனில், ஒருவர் இரண்டு பங்காகப் பிரித்து வைக்கட்டும். மற்றவர் முதலில் எடுக்கட்டும். பிரிப்பவர் தாமே நேர்மையாகப் பிரிப்பார்.

பெங்களூர்வாசிகள் மறக்கக்கூடாத ஒன்று வீட்டு முன்பணம். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கும் வழக்கம் இந்நகரில் நெடுங்காலமாக இருந்து வருவது. பல வீடுகளில் பண்டங்கள் அனைத்தையும் கூட்டினாலும் அத்தொகைக்கு ஈடாகாது. அதை இருவரும் சேர்ந்து கொடுத்திருக்க, பத்திரத்தில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தால், உரிமையாளர் அவரிடமே திருப்பித் தருவார். ஆகையால் யார் எவ்வளவு கொடுத்தார் என்பதற்கு வங்கிவழிச் சான்று இருத்தல் வேண்டும்.

பேச்சில் தீராவிடில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. வழக்குத் தொடுக்கும் முன்பே லோக் அதாலத்தில் சமரசம் செய்துகொள்ளவும் வழி உண்டு. அங்கு எழுதப்படும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரானது. 15100 என்னும் தொலைபேசி எண்ணில் சட்ட உதவி குறித்துக் கேட்கலாம். தம் பொருளை மற்றவர் வைத்துக்கொண்டு தர மறுத்தால் வழக்கிடுவதற்குச் சட்டம் தரும் காலம் பொதுவாக மூன்று ஆண்டுகளே. நாளை பார்ப்போம் என்று நாளைக் கடத்தலாகாது.

இவற்றைவிட எளிய வழி ஒன்றுண்டு. ஒரு குறிப்பேட்டில், வாங்கிய பொருள், நாள், விலை, யார் எவ்வளவு கொடுத்தார், அம்மாத வீட்டுச் செலவை யார் தாங்கினார் என்பவற்றை இருவரும் எழுதிக் கையெழுத்திட்டு வருதல். இதை மனக்கசப்பு வந்தபின் எழுத இயலாது. அன்பு உள்ளபோதே எழுத வேண்டும். அவ்வாறு எழுதுவது ஒருவர்மேல் ஒருவர் ஐயங்கொள்வதாகாது. தவலையில் பெயர் வெட்டிய நம் பாட்டிமார் யாரையும் ஐயுற்றவர்கள் அல்லர். அவர்கள் செய்ததை நாம் காகிதத்தில் செய்கிறோம். பிரிவு வந்தாலும், இருவரும் தம் உழைப்பின் பயனை எடுத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் நேரே பார்த்து விடைபெற அது துணை செய்யும்.