படைக்கு எத்தனை கால்?

வில்லுப்பாட்டு என்றால் என்ன என்று நாஞ்சில் நாட்டில் இருந்துகொண்டு நான் விளக்க ஆரம்பித்தால் நீங்கள் ரேடியோவை அணைத்துவிடுவீர்கள். வில்லும் வீசுகோலும் குடமும் உடுக்கும் தாளமும் கட்டையும் நீங்கள் எந்தக் கொடையிலும் பார்க்கிறதுதான். அதனால் நேரே சண்டைக்கு வருகிறேன். இரண்டு சண்டை. ஒன்று கணியாகுளத்தில் வேணாட்டுப் படைத்தலைவர் இரவிக்குட்டிப் பிள்ளை போட்டது. இன்னொன்று நான் கீபோர்டுக்காரர்களோடு போடுவது.

சித்திரையில் ஒரு கொடைக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இரவிக்குட்டிப் பிள்ளை கதை நடக்கிறது. வேணாட்டுப் படை புறப்படுகிற இடம் வந்தது. அண்ணாவி வாயெடுக்கும் முன்னே கீபோர்டில் இருந்த தம்பி ஒரு பொத்தானை அமுக்கினார். போலீஸ் பேண்டு கிளம்பிவிட்டது. லெஃப்ட், ரைட், லெஃப்ட், ரைட். சுதந்திர தின அணிவகுப்புக்கு வந்துவிட்டோமோ என்று இருந்தது. ஜனம் கைதட்டியது, அது வேறு விஷயம்.

கணியாகுளம் போர் கொல்லம் 810-ஆம் ஆண்டு, அதாவது 1635 வாக்கில் நடந்தது. எதிரே வந்தது மதுரைத் திருமலை நாயக்கரின் படை. இன்று தக்கலை, வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம் என்று பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வருகிறோமே, அந்தப் பக்கம்தான் கணியாகுளம். ஐரோப்பிய முறையில் வரிசைகட்டிப் பழகுகிற பயிற்சி நம் மண்ணுக்கு எப்போது வந்தது? 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்கள் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்று, பிடிபட்ட டி லனாய் இங்கேயே தங்கி நம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகு. 1777-இல் இறந்த அவருடைய கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. நூறு வருஷம் கழித்து வந்த நடையை இரவிக்குட்டிப் பிள்ளையின் ஆட்களுக்கு மாட்டிவிட்டால் எப்படி?

எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணாவி இதில் கறார். ஒருநாள் நான் பாடும்போது வாய் தவறி 'பட்டாளம்' என்றேன். வீசுகோலை நிறுத்திவிட்டார். "லேய் மக்கா, வெள்ளைக்காரன் வந்த பொறவு வந்த சொல்லுடே அது. பிள்ளைக்குப் பின்னால போனது படை" என்றார். படை, சேனை, தானை, தளம் என்று நாலும் அவர் கையில் இருக்கும். ஆனால் அள்ளி இறைக்கமாட்டார். குதிரை பாய்கிற இடத்தில் 'படை' என்று வெட்டி நிறுத்துவார். தூரத்தில் தூசி தெரிகிற இடத்தில் 'சேனை' என்று இழுப்பார். அகராதி பார்க்கிறவருக்கு நாலும் ஒன்று. குடத்துக்கு நாலும் வேறு.

குடத்துக்கு வந்துவிட்டேன். இனி நான் வேறெங்கும் போகமாட்டேன். வில்லுப்பாட்டில் குடம்தான் படை. மறுபடி சொல்லுகிறேன், குடம்தான் படை. வலது கையில் இருக்கிற மட்டை குடத்தின் வாயில் விழுந்தால் 'தொம்'. இடது கைக் காசு குடத்தின் பக்கத்தில் பட்டால் 'டக்'. இந்த இரண்டே ஓசையில் யானையையும் குதிரையையும் காலாளையும் நடக்கவைக்க வேண்டும். யானைக்குத் தொம் மட்டும், நடுவில் நீண்ட இடைவெளி. குதிரைக்குக் காசு முந்தும், மட்டை துரத்தும். காலாளுக்கு? இங்கேதான் நல்ல கை தெரியும். காலாள் ஒரே சீராக நடக்கமாட்டான். வேலும் வாளும் சோற்று மூட்டையும் சுமந்து, வயல் வரப்பிலும் ஓடைக்கரையிலும் போகிறவன் எப்படி ஒரே அடியாக வைப்பான்? அடி கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். ஆனால் நாலு சுற்று முடிகிற இடத்தில் தாளம் சரியாக வந்து உட்காரும். "படைக்குக் கால் ரெண்டாடே?" என்று அண்ணாவி கேட்பார். கீபோர்டுப் படைக்கு ரெண்டே கால்தான்.

வீசுகோலைப் பற்றி ஒரு வார்த்தை. சரவணந்தேரிப் பூங்கனியம்மாள் 2018-இல் காலமானார். அந்த அம்மாவின் கைவீச்சைப் பார்த்தவர்கள் பாக்கியவான்கள். கோலை மேலே எறிந்து, தாளம் விழுகிற நொடியில் பிடித்து வில்லில் இறக்குவார். அது கண்ணுக்கு விருந்து. நான் காதுக்காரன், குடத்துக்கே திரும்புகிறேன்.

இரவிக்குட்டிப் பிள்ளை கதை தெரியும் உங்களுக்கு. புறப்படும் முன் தாய்க்கும் மனைவிக்கும் கெட்ட கனா. போகாதே என்று கெஞ்சுகிறார்கள். இந்த இடத்தில் இப்போது எல்லாரும் குடத்தை நிறுத்திவிட்டு வயலின் சோகம் வைக்கிறார்கள். என் அண்ணாவி நிறுத்தவிடமாட்டார். தாய் அழுகிற அழுகைக்கு அடியில் 'தொம்... தொம்...' என்று மெல்ல ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ஏன்? படை வாசலில் நிற்கிறது. குதிரை கால் மாற்றுகிறது. தாய் என்ன சொன்னாலும் அவன் போகத்தான் போகிறான் என்பதை அண்ணாவி வாயால் சொல்வதில்லை, குடம் சொல்லிவிடும். அந்த இருபது நிமிஷம் மட்டையை மெல்லப் போடுகிற பாடு எனக்குத்தான் தெரியும். தோள் இறங்கிவிடும். உரக்க அடிப்பது சுலபம், நேயர்களே. மெல்ல அடிப்பதுதான் வித்தை. மெல்ல அடிப்பதுதான் வித்தை.

அப்புறம் போர்க்களம். கூட வந்த பிள்ளைமார் கைவிட்டுப் போகிறார்கள் என்பது கதை. அதை அண்ணாவி ஒரு வரியில் கடந்துவிடுவார். பிறகு பார்த்தால் தாளம் நின்றிருக்கும். அடுத்த அடியில் கட்டை நின்றிருக்கும். பிறகு உடுக்கு. இடத்தே பாடுகிறவர் வாயை மூடிக்கொள்வார். மிச்சம் குடமும் வலத்தே பாடுகிற ஒற்றைக் குரலும்தான். தனியாளாக நிற்கிறான் என்று பாடவே வேண்டாம். விடியற்காலை இரண்டு மணிக்கு, தூக்கத்தில் சாய்ந்திருந்த பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். சத்தம் கூடினால் மட்டும்தான் ஜனம் விழிக்கும் என்று யார் சொன்னது?

கீபோர்டே கூடாதா என்று கேட்பீர்கள். கும்மிப் பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் ஆடட்டும். படைப் புறப்பாட்டில் மட்டும் வேண்டாம். நான் பாரபட்சமாகப் பேசுகிறேன் என்றால், ஆமாம், குடமடிக்கிறவன் வேறெப்படிப் பேசுவான்?

வரி பிரித்துக் கொடை நடத்துகிற ஊர்க் கமிட்டிக்காரர்களிடம் ஒரு விண்ணப்பம். வில்லு பேசி முன்பணம் கொடுக்கும்போது, குடமடிக்கிறவர் யார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். போர்ப் பகுதிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நடுவில் அன்பளிப்பு வாசிப்பும் பொன்னாடையும் வேண்டாம், அதைக் காலையில் வைத்துக்கொள்ளலாம். குடத்துக்கு முன்னால் ஒரு மைக் தனியாக வையுங்கள். அண்ணாவியின் மைக்கில் ஒட்டுக்குக் கேட்டால் காசு அடி தப்பிப்போகும்.