குடியிருந்த மண்

மனிதராகப் பிறந்த எவருக்கும் சில உரிமைகள் உண்டு, அவற்றை அரசு கொடுக்க வேண்டியதில்லை என்பது இயற்கை உரிமைக் கொள்கை. உழைத்துப் பண்படுத்திய நிலம் உழைத்தவருக்கே சேரும் என்றார் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஜான் லாக். சட்டத்துக்கு முந்திய உரிமை என்பதே வெற்றுப் பேச்சு என்று தள்ளினார் பின்னால் வந்த ஜெரமி பெந்தம். இருவரையும் செங்கல்பட்டு வயல்வெளியில் நிறுத்திப் பார்க்கலாம்.

லாக் சொன்னது நடப்பென்றால், அந்த வயல்களில் பெரும்பங்கு பறையர் சமூகத்துக்குச் சேர்ந்திருக்க வேண்டும். ஏர் பிடித்தவர்களும் நாற்று நட்டவர்களும் அவர்களே. 1891இல் மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர் சென்னை அரசுக்கு எழுதிய அறிக்கை வேறு நிலையைக் காட்டியது. ஊர் நிலம் மிராசுதாரர் பிடியில் இருந்தது. தரிசு கேட்டு மனுப் போட்டாலும் முதல் வாய்ப்பு மிராசுதாரருக்கே. சேரியில் குடிசை நின்ற மனைகூடக் குடியிருந்தவருக்குச் சொந்தமில்லை; எதிர்த்துப் பேசினால் 'மனையைக் காலி செய்' என்ற ஒரு சொல் போதும். நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இதில் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. ஆனாலும் ஆட்சியருக்கு இது அநியாயமாகப் பட்டது. எழுதாத உரிமை ஒன்று இல்லாவிட்டால், சட்டப்படி நடந்ததை அநியாயம் என்று சொல்ல வழியே இல்லை.

அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அதுவே பஞ்சமி நிலம். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. பிறகும் அதே வகுப்பினருக்குத்தான் விற்கலாம். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நிபந்தனை தாளில் இருந்தபடியே இருக்க, பெருமளவு நிலம் மற்றவர்களிடம் போய்விட்டது. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் இறந்தனர்.

உரிமையைக் காப்பது சட்டமல்ல, சமூகத்தின் மனச்சாட்சிதான் என்று அம்பேத்கர் 1943இல் பேசியது இந்த மாவட்டத்துக்கு அப்படியே பொருந்தும். இயற்கை உரிமை கேட்பதற்கு நியாயம் தருகிறது. கையில் நிலம் தருவதில்லை. 2021இல் இதே மாவட்டத்து மாமல்லபுரம் கோயில் ஒன்றின் அன்னதானப் பந்தியிலிருந்து நரிக்குறவர் பெண் ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டது நாடறிந்த செய்தியானது. அதன் பிறகே, அந்த நவம்பரில், முதலமைச்சர் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா வழங்கினார்.