கடைசி எபிசோடின் கடன்

குற்றத் தொடர்களில் சீசன் முடியும் விதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இரண்டு தொடர்களின் முடிவை உடைத்துச் சொல்லப்போகிறேன். இனிமேல்தான் பார்க்கவேண்டும் என்றிருப்பவர்கள் சற்று நேரம் ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'டெக்ஸ்டர்'. மயாமி போலீசில் இரத்தக்கறைகளை ஆராய்பவன், சட்டத்துக்குத் தப்பிய கொலைகாரர்களை ரகசியமாகக் கொல்கிறான். 2009 டிசம்பரில் முடிந்த நான்காவது சீசனில் அவனுக்கு எதிரே டிரினிட்டி. ஜான் லித்கோ நடித்த பாத்திரம். வெளியுலகுக்கு நல்ல குடும்பத் தலைவன், உள்ளே தொடர் கொலைகாரன். அவனைத் தீர்த்துக்கட்ட டெக்ஸ்டருக்கு வாய்ப்புகள் வருகின்றன. குடும்பத்தையும் கொலையையும் இவன் எப்படிச் சேர்த்து நடத்துகிறான் என்று கற்றுக்கொள்ளும் ஆசையில் தள்ளிப்போடுகிறான். கடைசியில் கொன்றுவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறான். ஊருக்குப் போய்விட்டதாக நினைத்த மனைவி ரீட்டாவை ஃபோனில் அழைக்கிறான். மணி வீட்டுக்குள்ளேயே அடிக்கிறது. குழந்தையின் அழுகை. குளியல் தொட்டியில் ரீட்டா. தரையில், தாயின் இரத்தத்தில், கைக்குழந்தை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் ஏமாற்றப்பட்டதாகத் தோன்றவே இல்லை. டிரினிட்டி குளியல் தொட்டியில் ஒரு பெண்ணைக் கொல்வதை அந்த சீசனின் முதல் எபிசோடிலேயே காட்டியிருந்தார்கள். சிறுவனாக இருந்தபோது டெக்ஸ்டரும் தன் தாயின் இரத்தத்தில்தான் உட்கார்ந்திருந்தான் என்பது முதல் சீசனிலேயே வந்தது. எல்லாம் நம் கண்ணெதிரே இருந்தது. நாம்தான் கோத்துப் பார்க்கவில்லை. டெக்ஸ்டரும் பார்க்கவில்லை.

அடுத்தது 'தி கில்லிங்'. சியாட்டில் நகரத்து மழையில், ஏரியில் மூழ்கிய காருக்குள் ரோஸி லார்சன் என்ற பள்ளி மாணவியின் உடல் கிடைக்கிறது. அவளைக் கொன்றது யார் என்ற கேள்வியை விளம்பரத்திலேயே போட்டுத்தான் நம்மை அழைத்தார்கள். 13 எபிசோடுகள். 2011 ஜூனில் கடைசி எபிசோட்: துப்பறியும் லிண்டன் வழக்கு முடிந்ததென்று மகனோடு விமானத்தில் உட்கார்ந்திருக்கிறாள், முக்கிய சாட்சியமான புகைப்படம் போலி என்று ஃபோன் வருகிறது. அவ்வளவுதான். கொலைகாரன் யாரென்று சொல்லாமலே சீசன் முடிந்துவிட்டது.

பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். இனி இந்தத் தொடர் பக்கமே வரமாட்டோம் என்றவர்கள் பலர். பொறுமையில்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 1980இல் 'டல்லாஸ்' தொடர் ஜே. ஆர் என்ற பாத்திரத்தைச் சுட்டது யார் என்று நவம்பர் வரை மக்களைக் காக்கவைத்தது. காத்திருந்தார்கள், பதில் வந்த இரவில் 8 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் பார்த்தார்கள். அங்கே கேள்வி சீசனின் இறுதியில்தான் பிறந்தது. ரோஸியின் கேள்வியோ முதல் நாளே கேட்கப்பட்டது. இந்தக் கதையின் மூலமான டென்மார்க் தொடர்கூட, 20 எபிசோடுகள் எடுத்துக்கொண்டாலும், முதல் சீசனுக்குள்ளேயே பதில் சொல்லிவிட்டது. மகளை இழந்த அந்தப் பெற்றோரோடு 13 எபிசோடுகள் உட்கார்ந்து துக்கம் காத்தவர்களின் கோபம் அது. நியாயமான கோபம்.

எனக்கு வருத்தம் வேறொன்று. பதில் 2012 ஜூனில் வந்தது, நெஞ்சை உலுக்கும் விதத்தில் வந்தது. அதன்பின் ரோஸி தானே எடுத்து வைத்திருந்த சிறு படத்தை அவள் குடும்பம் கூடி உட்கார்ந்து பார்க்கிறது. திரையில் அவள் சிரிக்கிறாள். அந்தக் காட்சியைப் பார்த்திருக்கவேண்டியவர்களில் எத்தனையோ பேர் ஓராண்டுக்கு முன்பே எழுந்து போயிருந்தார்கள்.