முதல் பத்து நிமிடம்



நம் மகளிர் யோகா வகுப்பு தொடங்கிய முதல் வாரமே ஒரு லாத்தாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்கு நாள் படுக்கை. தவறு அவருடையது அல்ல. எடுத்த எடுப்பில் குனிந்து கால்விரலைத் தொடச் சொன்னது நாங்கள்தான்.

இரவெல்லாம் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆழக் குனிந்தால் அதன்மேல் அழுத்தம் கூடும். நம் வகுப்போ சுப்ஹு தொழுத கையோடு நடப்பது. அதனால் வரிசையை மாற்றிவிட்டோம். முதலில் நின்ற இடத்திலேயே நடை. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கணுக்காலைச் சுழற்றுவது, முழங்காலை லேசாக மடக்கி நீட்டுவது, தோளை உருட்டுவது. கழுத்தை வட்டமாகச் சுற்ற வேண்டாம். இடமும் வலமும் திருப்பினால் போதும். கடைசியாகக் கையும் முழங்காலும் ஊன்றி, மூச்சோடு முதுகை மெல்ல வளைத்து இறக்குவது. முழங்கால் வலி உள்ளவர்கள் இதை நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். உடம்பு சற்றுச் சூடேறிய பிறகுதான் ஆசனம். ஆழக் குனிவது காலை வகுப்பில் இனி இல்லை.

பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் போட்டி போடாதீர்கள் (நம்மில் சிலருக்கு அது கஷ்டம்தான்!). லேசாக இழுத்தால் தொடரலாம். குத்தினாலோ மரத்துப்போனாலோ உடனே நிறுத்துங்கள், எங்களிடம் சொல்லுங்கள்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு வர வேண்டாம். கையில் இரண்டு பேரீச்சம்பழம் இருக்கட்டும். கண் நீரழுத்தம், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் முன்னரே சொன்னால், தலையைத் தாழ்த்தும் நிலைகளை விட்டுவிடுவோம்.

அந்த லாத்தா போன வாரம் திரும்பி வந்தார். சுவரைப் பிடித்துக் கணுக்காலைச் சுழற்றத் தொடங்கினார்.