அறிவின் அடையா வாயில்

(ஆம்பூரில் தோல்தொழிலாளர் நடுவே நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)



“பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, தோல் வேலைக்கு அனுப்பிவிட்டோம்.” வேலூர் தொடங்கி வாணியம்பாடி வரை, பாலாற்றின் இரு கரையிலும் இச்சொல் கேளாத தெரு இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட மகனைப் பற்றிப் பெற்றோர் எழுதும் முடிவுரை இது. பள்ளியை விட்டவன் அறிவையும் விட்டவனே என்னும் எண்ணம் அதனுள் ஒளிந்து கிடக்கிறது. அவ்வெண்ணம் பிழை என்பதற்குத் தமிழ்நாடு கண்ட பெருஞ்சான்று, ஜி.டி. நாயுடு என்று உலகம் அறிந்த கோவைத் துரைசாமியார்.

1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள், கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. தொடக்கக் கல்வியையே முடிக்காமல் வெளியேறினார். இன்றைய கணக்கேட்டில் அவர் ‘இடைநின்றவர்’, பெயருக்கு நேரே ஒரு கோடு, அவ்வளவே.

பள்ளியை விட்டாரேயன்றி, பார்ப்பதையும் கேட்பதையும் அவர் விடவில்லை. ஆங்கிலேய அலுவலர் ஒருவர் விசையுந்தில் வருவதைக் கண்டார். மாடும் இன்றிக் குதிரையும் இன்றி ஒரு வண்டி ஓடுகிறதே, எங்ஙனம் என்னும் கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. கோவைக்குச் சென்று உணவகம் ஒன்றில் பரிமாறுபவராகப் பணி செய்தார். காசுக்குமேல் காசு சேர்த்து, 300 உருபா கொடுத்து அவ்வுந்தையே வாங்கினார். வாங்கியவர் அதிலேறி ஊர்வலம் வரவில்லை; உறுப்பு உறுப்பாகக் கழற்றினார். எது எதனைச் சுழற்றுகிறது, எது நின்றால் எது நிற்கும் என்று ஆராய்ந்து மீண்டும் பூட்டினார். அவ்வுந்தே அவருக்கு நூலும் ஆசிரியருமாக அமைந்தது.

அதன்பின் எல்லாம் ஏறுமுகம் என்று எண்ணிவிட வேண்டா. பருத்தித் தொழிலில் ஈட்டிய பொருளைப் பம்பாய் வணிகத்தில் இழந்து வெறுங்கையோடு திரும்பினார். இராபர்ட்டு இசுடேன்சு என்னும் ஆங்கிலேயத் தொழில்முனைவர் கைகொடுக்க, 1920-இல் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அவ்வொரு வண்டியே பின்னர் யு.எம்.எசு. என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

1937-இல் கோவைப் பீளமேட்டிலிருந்த அவர்தம் தொழிற்சாலையிலிருந்து, பாலசுந்தரம் என்னும் பொறியறிஞரின் துணையோடு, ஒரு மின்னோடி வெளிவந்தது. இந்தியாவில் உருவான முதல் மின்னோடி என்று போற்றப்படுவது அதுவே. கிணற்று நீரை இறைக்கவும் ஆலைப் பொறியைச் சுழற்றவும் இன்று நாடெங்கும் மின்னோடிகள் செய்து அனுப்பும் கோவைக்கு அது தொடக்கம்.

மின்னோடிக்கு அடிப்படையான உண்மையைக் கண்டவர் யார்? மின்னாற்றலால் ஒரு கம்பியை இடைவிடாது சுழலச் செய்யலாம் என்று 1821-இல் இலண்டனில் காட்டியவர் மைக்கேல் பாரடே. அவர் கொல்லர் மகன்; முறையான பள்ளிக்கல்வி மிகக் குறைவாகவே பெற்றவர்; நூல்கட்டும் கடையில் வேலை பழகியவர். கட்டவந்த நூல்களைக் கட்டுமுன் படித்தே அறிஞரானார். ஆக, உலகைச் சுழற்றும் மின்னோடியின் பிறப்பிலும், அது தமிழ்மண்ணில் காலூன்றிய வரலாற்றிலும், பள்ளி கைவிட்ட இருவரின் கைகள் உள்ளன.

துரைசாமியாரின் கைவண்ணம் அதனோடு நிற்கவில்லை. உலர்மின்கலத்தால் இயங்கும் மழிகருவி, மிக மெல்லிய மழிதகடு, பழச்சாறு பிழியும் பொறி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, ஏமாற்ற இயலா வாக்குப்பதிவுப் பொறி எனப் பலவற்றை உருவாக்கினார். பருத்தியிலும் பப்பாளியிலும் புதுவகை கண்டார். நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. இராமனே அவரைப் பத்து இலக்கத்தில் ஒருவர் என வியந்து பாராட்டினார்.

ஆயினும் நாடு அவரை முழுமையும் பயன்கொண்டதா? 70 உருபாவுக்கு வானொலிப்பெட்டி செய்து தரமுடியும் என்று 1941-இல் அறிவித்தார். 1952-இல் இருவர் அமரும் சிற்றுந்தை 2,000 உருபாவுக்கு வடிவமைத்தார். அரசு உரிமம் தர மறுத்தது. அம்முயற்சி அத்துடன் நின்றது. பள்ளி மூடிய கதவை அவர் தம் முயற்சியால் திறந்தார். அரசு மூடிய கதவைத் தனியொருவர் திறத்தல் எளிதன்று.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிதல் வேண்டும். ‘அவரே படிக்கவில்லை, நம் பிள்ளைக்கு மட்டும் படிப்பு எதற்கு?’ என்று இவ்வரலாற்றைத் திரிப்பார் உளர். தாம் பெறாத கல்வியைப் பிறர் பெறவேண்டும் என்று, 1945-இல் ஆர்தர் ஓப்புப் பெயரால் கோவையில் தொழிற்கல்லூரி எழ வழிசெய்தவர் அவர். இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் வேர் அது. நான்காண்டுப் படிப்பை இரண்டாண்டில் கற்பிக்கலாம் என்னும் அவர் கருத்தை அன்றைய அரசு ஏற்கவில்லை, அவர் விலகினார். அவர் வெறுத்தது கல்வியையன்று, கை படாத வெற்றுப்பாடத்தையே.

தோழர்களே, இனி உங்கள் கைகளைப் பாருங்கள். பச்சைத்தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்தால் மயிர் நெகிழ்ந்து கழல்கிறது. ஆவாரம்பட்டையின் துவர்ப்பு, தோலின் புரதத்தோடு பிணைந்து அழுகாமல் காக்கிறது. இது வேதியியல் அன்றி வேறென்ன? பட்டையை ஊறவைத்த முன்னோர் இதனைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். பின்னர்க் குரோமிய உப்பு வந்தது; பல நாள் வேலை ஓரிரு நாளில் முடிந்தது; கழிவோ ஆற்றிலும் கிணற்றிலும் இறங்கியது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிக்கல் முற்றும் தீர்ந்ததென்று எவரும் கூறார். அதனைத் தீர்க்கும் அறிவு எங்கிருந்து வரும்? நாளும் அத்தோலைத் தொடும் கைகளுக்கு உரியவனிடமிருந்து ஏன் வரலாகாது?

வரவேண்டுமாயின் அவனுக்கு நாம் செய்யவேண்டியவை உள. துரைசாமியார்க்குக் கைகொடுக்க ஒருவர் இருந்தார். நம் தெருப் பிள்ளைக்கு யார் இருக்கின்றார்? வேலை முடிந்து வருபவனுக்கு இரவுப்பள்ளி வேண்டும். பழைய பொறியைக் கழற்றிப் பார்க்க ஒரு பட்டறை வேண்டும். தான் கையாளும் உப்பு என்ன, அதன் தீங்கு என்ன என்பதைத் தாய்மொழியில் சொல்லும் நூல் வேண்டும். தமிழில் அறிவியல் கேட்பது மொழிப்பற்றுக்காக மட்டுமன்று. தொட்டியில் இறங்குபவனின் உயிர்க்காவலும் அதுவே.

துரைசாமியார் 1974 சனவரி 4-இல் மறைந்தார். வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டடம் இன்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது. தொடக்கப்பள்ளியை முடிக்காதவர் பெயரைக் கடந்து நாளும் பொறியியல் மாணவர் நுழைகின்றனர். அது ஆம்பூருக்கு ஒரு மணி நேரத் தொலைவிலேயே உள்ளது. அடுத்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று அப்பெயரைக் காட்டுங்கள். வீடு திரும்பியதும், பழுதாகிக் கிடக்கும் ஏதேனும் ஒரு பொறியையும் ஒரு திருப்புளியையும் அவர்கள் கையில் கொடுங்கள்.