கோபுரத்தை எதிர்த்து மனு எழுத மாட்டேன்

(தோட்ட மக்கள் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



போன வாரம் உங்களில் சிலர் என் அலுவலகத்துக்கு வந்தீர்கள். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் கைத்தொலைபேசிக் கோபுரம் வரப்போகிறது, அதை நிறுத்த மாவட்ட மன்றத்துக்கு மனு எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். இருபது வருடமாக உங்களுக்காகக் கூலி வழக்கும் வீட்டு வழக்கும் நடத்துகிறவன் நான். ஆனால் இந்த மனுவை எழுத மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், பிறகு திட்டுங்கள்.

சென்ற ஆண்டு கீழ் லயத்தில் ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். இங்கே லைன் கிடைக்காமல், அவர் மகன் மோட்டார் சைக்கிளில் பெரிய சாலை வரை போய் 999-ஐ அழைத்தான். ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. லைன் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பையன் சாலைக்கு ஓடியிருக்க வேண்டியதில்லை. அப்பா பக்கத்தில் இருந்திருப்பான்.

இன்று மெட்ரிகுலேஷன் மனு, பல்கலைக்கழக மனு, அரசாங்க உதவித்தொகை எல்லாமே இணையத்தில்தான். இடம் கிடைக்கவில்லை என்று வருடா வருடம் குரல் கொடுக்கிறோம். மனுவே போய்ச் சேராத பிள்ளைக்கு யார் குரல் கொடுப்பது? 2020-இல் பள்ளிகளை மூடி வீட்டிலிருந்தே பாடம் என்றபோது, சபாவில் ஒரு மாணவி லைன் தேடி மரத்தில் ஏறித் தேர்வு எழுதியதை நாடே பேசியது. நம் பிள்ளைகள் செம்பனை மரத்தடியில் அலைந்ததை யாரும் படம் பிடிக்கவில்லை. 2021 கடைசியில் 3ஜி-யையும் நிறுத்திவிட்டார்கள். அடர்ந்த செம்பனைத் தோப்பு அலையைத் தின்றுவிடும். தூரத்து டவுன் கோபுரம் நமக்கு உதவாது.

சரி, புற்றுநோய் பயத்துக்கு வருவோம். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. மருந்தடித்தே நோயாளிகளானவர்கள் உள்ள தோட்டம் இது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-இல் இந்த அலைகளை '2பி' பிரிவில் வைத்தது உண்மைதான். ஆபத்து இருக்கலாம், ஆனால் உறுதியான சான்று இல்லை என்பது அதன் பொருள். ஆசியப் பாரம்பரிய முறையில் ஊறவைத்த காய்கறியும் அதே பிரிவில்தான் இருக்கிறது. மதுவோ, சான்று உறுதியான முதல் பிரிவில் இருக்கிறது. இங்கே சம்சு விற்றபோது இத்தனை பேர் கையெழுத்துப் போட வரவில்லையே!

அடுப்பை விட்டு விலகினால் சூடு குறையும் அல்லவா? அலையும் அப்படித்தான், தூரம் இரட்டிப்பானால் பலம் கால்வாசியாகும். கோபுரம் தள்ளி நிற்கிறது, தொலைபேசிதான் காதோடு ஒட்டியிருக்கிறது. லைன் பலவீனமானால் தொலைபேசி அதிக பலத்தோடு அலையை அனுப்பும். இங்கே பேட்டரி சீக்கிரம் தீர்வதற்கு அதுவும் ஒரு காரணம். கோபுரம் பக்கத்தில் வந்தால், பேசும்போது உங்கள் தலைக்குப் போகும் அலை குறையத்தான் செய்யும்.

இது யாரும் போடும் பிச்சையும் இல்லை. 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி, வசதியில்லாத இடங்களுக்குச் சேவை தரவே ஒரு நிதி இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கணக்கிட்ட நிகர வருவாயில் 6 விழுக்காட்டை அதற்குக் கட்டுகின்றன. அந்த வருவாயில் நீங்கள் போடும் டாப்-அப் வெள்ளியும் சேர்ந்திருக்கிறது.

அதற்காக, கொடுத்ததை வாயை மூடி வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. நில வாடகை நிர்வாகத்துக்குப் போகும், நமக்கு ஒரு காசு வராது. ஆகவே நாம் கேட்பதை எழுத்தில் கேட்போம். கோயிலுக்கும் பாலர் பள்ளிக்கும் தள்ளி, பழைய ஸ்டோர் பக்கம் கட்டட்டும். ஜெனரேட்டர் சத்தம் லயத்துக்கு வரக்கூடாது. வேலி போட வேண்டும். கோபுரம் ஓடத் தொடங்கியதும் கதிர்வீச்சை அளந்து, அறிக்கையைக் கோயில் பலகையில் ஒட்ட வேண்டும். முக்கியமாக, கோபுரக் குத்தகையைக் காட்டி நம் வீட்டுடைமைக் கோரிக்கையை நிர்வாகம் தள்ளிப்போடக் கூடாது. எனக்கு உண்மையில் கோபுரத்தைவிட இந்தக் குத்தகைத் தாள் மேல்தான் சந்தேகம். கையெழுத்தாகும் முன் அதன் நகலைக் கேட்டிருக்கிறேன்.

இந்தக் கோரிக்கைகளோடு மகஜர் தயாராக இருக்கிறது. ஒப்புக்கொள்ளாதவர்கள் போட வேண்டாம், ஆனால் எழுந்து காரணத்தைச் சொல்லுங்கள், அதையும் எழுதிக்கொள்கிறேன். போடுகிறவர்கள் அடையாள அட்டையோடு முன் மேசைக்கு வாருங்கள். கீழ் லயத்துக்காரர்கள் முதலில் வரட்டும்.